காரணம் என்ற கட்டம்

தண்ணீர் மேலே வந்த இடத்தில்
தோண்டச் சொன்னார் ஏ.ஈ.
தோண்டினோம்.
இடுப்பளவு சேறு. குழாய் பழுதில்லாமல் படுத்திருந்தது.
உடைந்த இடத்தில் தண்ணீர் எழுவதில்லை,
வழி கிடைத்த இடத்தில் எழுகிறது
என்று நான் முன்பே சொல்லியிருக்கலாம்.
சொன்னால், சரி நீயே கண்டுபிடி என்பார்.
சொல்லாமலே அதைத்தான் சொன்னார்.

இரவு ஒன்றரை. புதுப்பாளையம்.
கெடிலத்திலிருந்து உப்பும் அழுகலுமாகக் காற்று.
கேட்கும் கம்பியை வால்வின் தலையில் ஊன்றி
மறுமுனையில் காதை வைத்தேன்.
நாய் குரைத்தால் கேட்காது.
லாரி போனால் கேட்காது.
யார் வீட்டிலாவது மோட்டார் ஓடினால்
அது மட்டும்தான் கேட்கும்.
எல்லாம் ஓய்ந்த ஒரு நொடியில்
கடுகு வெடித்து முடிந்த பிறகும்
எண்ணெய் தனக்குள் பேசிக்கொண்டிருக்குமே,
அந்தச் சத்தம்.
பதினோரு தப்படி வடக்கே தள்ளிச்
சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி.

கலிவரதன் எண்ணிக்கொண்டே வால்வைத் திருகினார்.
இருபத்திரண்டு சுற்றில் மூட வேண்டியது
பதினேழில் நின்றுவிட்டது.
"இவ இதுக்கு மேல வரமாட்டா."
மிச்சமிருந்த ஐந்து சுற்றுத் தண்ணீரில்
முழங்கால் விறைக்க நின்றோம்.

மூன்றேகாலுக்குக் குழாய் தெரிந்தது.
டக்டைல் இரும்பு.
பழைய வார்ப்பிரும்பாக இருந்தால்
குறுக்கே வெடித்துத் தெருவையே எழுப்பியிருக்கும்.
இது வளைந்து கொடுக்கிற ரகம்.
கொடுத்துக் கொடுத்து
அடிவயிற்றில் எள்ளளவு ஓட்டை.
அதற்கு நேர் கீழே
கூர் மேலாக ஒரு கருங்கல்.

மணல் பரப்பாமல் குழாயை இறக்கிவிட்டு
யாரோ பஸ்ஸைப் பிடிக்கப் போயிருக்கிறார்.
மேலே ஒன்பது வருஷம்
கரும்பு லாரி, மீன் வண்டி, ஜல்லி டிப்பர்.
ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குத்து.
முதலில் பூச்சு போனது.
மிச்சத்தை உப்பு மண் பார்த்துக்கொண்டது.

கல் மிதந்து கரை சேர்ந்த ஊர் இது.
கரையேறவிட்டகுப்பம் என்று பெயரே இருக்கிறது.
இந்தக் கல்லுக்கு யாரும்
அந்தக் கதையைச் சொல்லவில்லை போலும்.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது
மதிலுக்கு மேலே ஒரு டார்ச்.
அஞ்சலாட்சி அம்மாள், நைட்டியின் மேல் துண்டோடு.
"அடைச்சிட்டா வாழைக்கு?"

மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்று தார்,
கோடை முழுக்க ஒரு குடம் ஊற்றாமல்.
புகார் கொடுத்தது எதிர்வீடு.
இவர் ஏழு மாதமாகக் கொடுக்கவில்லை.
அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.
"இனிமே ஊத்தணும்மா" என்றார் கலிவரதன்.
சற்று நேரத்தில் டீ வந்தது,
சர்க்கரை தூக்கலாக.

கிளாம்ப்பைச் சுற்றி, ரப்பரை நேராக்கி,
போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும்,
இங்கே அரைச் சுற்று, அங்கே அரைச் சுற்று.
ஒரு பக்கம் பாசம் காட்டினால்
மறு பக்கம் பிதுங்கும்.
பள்ளத்தில் கடைசிச் சாவியை எடுத்தபோது
என் விரல் ரேகைகள்
தண்ணீரில் ஊறி வேறொருவருடையவை ஆகியிருந்தன.

ஆறு மணிக்குத் திறந்துவிட்டோம்.
முதலில் காற்று, பிறகு காபி நிறம், பிறகு தண்ணீர்.
எதிர்வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்து
இரும்பு நாற்றம் என்றார்.
ஆறு பத்துக்கு வண்ணாரப்பாளையத்திலிருந்து போன்:
அங்கே ஒரு ஜாயிண்ட் பீய்ச்சுகிறதாம்.
இங்கே மிச்சம் பிடித்த அழுத்தம்
நடந்தே போயிருக்கிறது.

ஆபீசில் பதிவேடு.
தேதி, தெரு, விட்டம், ஆழம்.
காரணம் என்ற கட்டத்தில்
மேலிருந்து கீழ்வரை ஒரே கையெழுத்து:
துரு, துரு, துரு, மேற்படி, மேற்படி.
நான் 'கல்' என்று எழுதினேன்.
என்ன கல் என்று கேட்பார்.
ஃபேனில் பக்கங்கள் படபடத்தன.
பையிலிருந்து அதை எடுத்து
மேலே வைத்தேன்.
சேறு இன்னும் காயவில்லை.